ஆயிரம் ஆண்டு கழித்து ஊர் திரும்பியவன்

விண்வெளிப் போர்க் கதை என்றதும் நம்மவருள் பலர் அதனைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுவர். ஒளிக்கதிர்த் துப்பாக்கிகளும் அயல்கோள் உயிர்களும் வெடித்துச் சிதறும் கப்பல்களும் நிறைந்த நூலில், அலுவலகமும் வீடும் காய்கறிக் கடையுமாகக் காலம் கழிக்கும் நமக்கு என்ன இருக்கப்போகிறது என்னும் ஐயம் இயல்பானதே. ஆயினும், அமெரிக்க எழுத்தாளர் ஜோ ஹால்டமன் எழுதி 1974ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி ஃபாரெவர் வார்’ என்னும் புதினம், பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கென்றே எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது. பழைய புத்தகக் கடையில் வாங்கி, அலுவலகம் செல்லும் மெட்ரோ வண்டியில் நாளுக்குப் பத்துப் பக்கமாகப் படித்து முடித்த அந்நூலைப் பற்றி இம்மலரின் வாயிலாக அன்பர்களோடு சில சொல்ல விழைகிறோம்.

ஹால்டமன் இயற்பியலும் வானியலும் பயின்று பட்டம் பெற்றவர். பட்டம் பெற்ற 1967ஆம் ஆண்டிலேயே கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்டு வியட்நாம் சென்றார். அங்கே படுகாயமுற்றுத் திரும்பினார். வியட்நாம் போர் பற்றிப் படிக்க அமெரிக்கர் விரும்பாதிருந்த அந்நாளில், இப்புதினத்தைப் பதிப்பகங்கள் பல ஏற்க மறுத்தன. வெளிவந்தபின் நெபுலா, ஹியூகோ என்னும் இரு பெரும் விருதுகளும் அதனை வந்தடைந்தன.

கதையின் நாயகன் மண்டெல்லா. டாரன்கள் என்னும் அயலினத்தை எதிர்த்துப் போரிட அழைக்கப்பட்ட இளைஞன். போர்க்களமோ பல ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஒளியின் வேகத்தை நெருங்கிச் செல்லும் கப்பலில் காலம் மெல்லவே நகரும் என்பது 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் வகுத்த கொள்கையின் முடிவு. இது வெறுங்கற்பனையன்று. 1971ஆம் ஆண்டில் ஹாஃபெலே, கீட்டிங் என்னும் இருவர் அணுக் கடிகாரங்களைப் பயணிகள் விமானத்தில் ஏற்றி உலகைச் சுற்றி வந்து, அவை தரையிலிருந்த கடிகாரங்களோடு மாறுபடுவதைக் கண்டனர். அங்கே நேர்ந்த வேறுபாடு நொடியின் கோடியில் ஒரு பங்கு அளவினது; மண்டெல்லாவுக்கோ அது ஆண்டுக்கணக்கில் நேர்கிறது. பிரமலோகம் சென்ற ககுத்மி மன்னன், மகள் ரேவதியோடு மண்ணுலகம் திரும்புவதற்குள் யுகங்கள் பல கடந்திருந்தன என்னும் பாகவதக் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இச்செய்தி அத்துணை வியப்பளிப்பதாக இல்லை.

முதற்போர் முடிந்து 2024ஆம் ஆண்டில் மண்டெல்லா வீடு திரும்புகிறான். அவனுக்கு ஏறத்தாழ இரண்டாண்டு; புவியிலோ இருபத்தாறு ஆண்டு கடந்துவிட்டது. அத்தனை ஆண்டுக்குமுரிய ஊதியம் வட்டியோடு குவிந்து கிடக்கிறது. நிலுவைத் தொகை கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு அவ்விடத்தில் சற்றே சிரிப்பு வந்தது. அடுத்த பக்கங்களில் அச்சிரிப்பு அடங்கிற்று. தந்தையார் மறைந்திருந்தார். தாயாரோ முதுமையுற்று நோயில் கிடந்தார். எழுபது வயது கடந்தோர்க்கு மருத்துவம் வழங்க அரசு வகுத்திருந்த முன்னுரிமைப் பட்டியலில் அவருக்கிருந்த இடம் சுழியம். குவிந்த பணம் அவ்வன்னையைக் காக்கவில்லை. சோர்வு மிகுந்த பகுதி என்று இதழாசிரியர் ஒருவர் ஏற்க மறுத்ததால் இப்பகுதி முதலில் நூலில் இடம்பெறவில்லை. பின்னாள் பதிப்புகளிலேயே சேர்க்கப்பட்டது. நூலின் உயிர்நாடி அதுவே என்பது நம் துணிபு.

நாம் தில்லிக்கு வந்தது 2003ஆம் ஆண்டில். கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் அன்னையார் தனித்து வாழ்கிறார். ஆண்டுக்கொருமுறை, இரண்டு இரவும் ஒரு பகலும் இரயிலில் பயணம் செய்து, மீண்டும் வண்டி மாறி ஊர் சேர்கிறோம். நம் கணக்கில் அது ஒரு விடுப்புக்கும் அடுத்த விடுப்புக்கும் இடைப்பட்ட காலம். அதற்குள் அங்கே ஒரு திண்ணை இடிக்கப்பட்டுக் கடையாகியிருக்கும். ஒரு பெரியவர் மறைந்திருப்பார். சென்றமுறை கிணற்றடியில் நின்று துணி துவைத்த அன்னையார் இம்முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். நாள்தோறும் உடனிருந்து காண்போர்க்குப் புலப்படாத முதுமை, ஆண்டுக்கொருமுறை காண்போர்க்கு ஒரே நாளில் வந்து நிற்கிறது.

மொழியைப் பற்றியும் ஓர் அரிய செய்தி நூலில் உண்டு. நூற்றாண்டுகள் கடந்தபின் மண்டெல்லா படைத்தலைவனாகிறான். அவன்கீழ்ப் பணிபுரியும் இளையோரின் ஆங்கிலம் அவனுக்கு விளங்காத அளவு மாறியிருக்கிறது. ஆகவே, தங்கள் தலைவர்களோடு பேசுவதற்கென்றே அவர்கள் பழைய ஆங்கிலத்தைப் பயில வேண்டியிருக்கிறது. இதனைப் படித்தபோது நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு கண்முன் வந்தது. நம் பிள்ளைகள் தமக்குள் இந்தியில் பேசி மகிழ்ந்து, நம்மைக் கண்டதும் தமிழுக்கு மாறுகின்றனர். அத்தமிழும் நாம் ஊரைவிட்டுக் கிளம்பிய நாளின் தமிழே. ஊரிலுள்ள சிறுவர் அதனைக் கேட்டு, “பெரியப்பா மாதிரியே பேசுறான்” என்று நகைக்கின்றனர்.

போர் எவ்வாறு முடிகிறது என்பதையும் சொல்லவேண்டும். 1143 ஆண்டுகள் நிகழ்ந்த அப்போரின் தொடக்கமே பொய்யானது. விபத்தில் மறைந்த கப்பல்களைப் பகைவர் அழித்தனர் என்று கூறிப் புவியோரே போரைத் தொடங்கினர். இரு தரத்தாரும் ஒருவரோடொருவர் பேச இயலாமையால் அது நீடித்தது. பேச முடிந்தவுடன் நின்றது. பகைவன் என்று பன்னூறாண்டு சுட்டு வீழ்த்தியவனுக்குப் பகையே இருந்ததில்லை. போரில் குருதி சிந்தித் திரும்பிய ஒருவர் எழுதியதால், இம்முடிவு வெறும் கதைத் திருப்பமாக நமக்குப் படவில்லை.

இறுதியில் மண்டெல்லாவுக்கு ஒரு மடல் காத்திருக்கிறது. அவன்பால் அன்புகொண்ட மேரிகே என்னும் வீராங்கனை எழுதி, இருநூற்றைம்பது ஆண்டுக்கு மேலாகக் கிடந்த மடல் அது. அவன் திரும்பும்வரை முதுமை தன்னை அணுகாதிருக்க, அவள் அதிவேகக் கப்பலொன்றில் ஏறி விண்வெளியில் போவதும் வருவதுமாகக் காலத்தைக் கடத்துகிறாள். இருவரும் புவிக்குத் திரும்பவில்லை. தம்மைப்போன்ற பழைய போர்வீரர் குடியேறிய தொலைதூரக் கோளொன்றில் இல்லறம் தொடங்குகின்றனர். தம் பழைய பேச்சு விளங்குவோர் கூடிய இடமே அவர்களுக்கு ஊராயிற்று. வேற்றூரில் சங்கம் அமைத்துப் பொங்கல் வைக்கும் நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

எனினும் மேரிகே ஏறிய கப்பல் நம் அன்னையார்க்கு வாய்க்கவில்லை. தில்லிக்கு வந்துவிடுமாறு பலமுறை அழைத்தும் அவர் இசையவில்லை. சென்னைக்கு மாற்றல் கேட்கலாமென்றால், பத்தாம் வகுப்புப் பயிலும் மகனுக்குத் தில்லிதான் ஊர். அங்கே அவன் அயலானாகிவிடுவானே என்று மனைவியார் கலங்குகிறார். இரண்டும் மெய்யே. விண்ணப்பத்தை எழுதி வைத்திருக்கிறோம். தேர்வு முடிந்ததும் அளிப்பதென்று இருவரும் முடிவு செய்துள்ளோம்.

ஞாயிறுதோறும் தொலைபேசியில், “தம்பி, லீவு கிடைக்கிறப்ப நிதானமா வாப்பா. நான் எங்கே போகப்போறேன்?” என்கிறார் அன்னையார். அவர் சொல்லை நம்பி வழக்கம்போல் கோடை விடுமுறைவரை காத்திருக்க இம்முறை மனம் ஒப்பவில்லை. தைப்பொங்கலுக்கே பயணச்சீட்டு வாங்கிவிட்டோம்.