நெட்டிலிங்கத்தில் ஒரு குடித்தனம்

கோயம்புத்தூர்க்காரனுக்குத் தஞ்சைச் சீமை வெளிநாடு மாதிரிதான். எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்பது ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து மோட்டார் முக்கி முனகி இழுத்து வரும் சமாச்சாரம். செம்மொழி எக்ஸ்பிரஸில் நள்ளிரவு தாண்டி ஏறிப் படுத்தவன் நீடாமங்கலத்தில் கண் விழித்தேன். தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் சும்மா நின்றுகொண்டிருந்தது. அதில் குறுவை நாற்று. நாற்றுக்கு நடுவில் கொக்கு. காசு கேட்காமல் நிற்கும் தண்ணீரை இவ்வளவு பரப்பில் நான் பார்த்ததில்லை.

மன்னார்குடிக்குப் போனது ராஜகோபால சுவாமி கோயிலின் ஆனித் தெப்பத்துக்காக. ‘திருவாரூர் தேரழகு, மன்னார்குடி மதிலழகு’ என்று சின்ன வயதிலிருந்து கேட்ட பேச்சு. 23 ஏக்கர் ஹரித்ரா நதித் தெப்பக்குளம் நிரம்பியிருக்கும்போது வாருங்கள் என்று நண்பர் பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவர். பாமணி ஆற்றை ஒட்டிய தெருவில் பழைய வீடு. வாசலில் திண்ணை, பின்னால் நீளக் கொல்லை. வீட்டில் அவரும் அவருடைய பெரியம்மாவும்.

திண்ணையில் பையை வைத்து உட்கார்ந்தவுடனே பெரியம்மா விளக்குமாற்றோடு வந்துவிட்டார்.

“தம்பி, கால கொஞ்சம் மேல தூக்கிக்குங்க. ராத்திரி முழுக்கத் துப்பி வச்சிருக்கு சனியன்.”

தரையில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் காய்ந்த உருண்டைகள். கரும்பு மென்று துப்பிய சக்கையை யாரோ பிடித்துப் பிடித்து வைத்த மாதிரி. கூடவே கருநீலத் தோல் ஒட்டிய விதைகள். வெள்ளையடித்த சுவரில் ஊதாக் கோடுகள் வழிந்திருந்தன.

“வௌவாலுங்களா? கோயில் மண்டபத்திலிருந்து வருதா?” என்றேன்.

நண்பர் சிரித்தார். “கோயில்ல இருக்கறது வேற சாதி. அது பூச்சி தின்னும். இது எங்க வீட்டுப் பிள்ளை.”

வௌவால் என்றால் இடிந்த கட்டடம், இருட்டு, நாற்றம் என்றே மனசில் படிந்திருக்கிறது. திண்ணையிலிருந்து முப்பது அடி தூரத்தில் வெட்டவெளி மரத்தில் அது வீடு கட்டிக் குடியிருக்கும் என்று நினைத்ததே இல்லை. வீடு கட்டி என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

கொல்லையில் மூன்று நெட்டிலிங்க மரங்கள். அசோக மரம் என்று ஊரெல்லாம் தப்பாகச் சொல்வார்களே, இலைகள் கூம்பு போலத் தொங்கிச் சரியும், அந்த மரம்தான். முன்பு ஐந்து இருந்தனவாம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து இரண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டது. நண்பர் நடுமரத்தின் அடியில் என்னை மல்லாக்கப் படுக்கச் சொன்னார். ஐம்பத்தைந்து வயதில் இன்னொருவர் வீட்டுக் கொல்லையில் மல்லாக்கப் படுப்பது கொஞ்சம் சங்கடம்தான். படுத்தேன்.

வெளியே இருந்து பார்த்தால் அடர்ந்த பச்சை. கீழே இருந்து பார்த்தால் உள்ளே ஒரு கூடாரம்! தொங்கும் கிளைகளுக்கு நடுவில் மணியைக் கவிழ்த்தாற்போல ஒரு வெற்றிடம். உள்பக்கத்துக் குச்சிகளையும் இலைக்காம்புகளையும் ஒவ்வொன்றாகக் கடித்து அப்புறப்படுத்தியிருக்கிறது. வெளிச்சுற்று இலை ஒன்றுகூடக் கலையவில்லை. மேலே இருட்டில் பழுப்பாக ஒரு கொத்து. பைனாகுலரில் பார்த்தால் அந்தக் கொத்துக்குக் கண்கள் இருந்தன. நரிக்குட்டி மாதிரி முகம், காதோரம் வெள்ளைக் கரை, மடக்கிய சிறகில் விரலெலும்புகள் வெளிறிய கோடுகளாகத் தெரிந்தன. ஒன்றுக்கு மட்டும் கழுத்தைச் சுற்றிச் செம்மஞ்சள் பட்டை. அதுதான் வீட்டுக்காரர்.

சிறு பழந்தின்னி வௌவால். எடை ஏறக்குறைய ஐம்பது கிராம். எங்கள் ஊர்க் கடையில் நிறுத்தால் ஒரு சின்னக் கொய்யாக்காய்க்கு ஈடாகாது. கூடாரம் கட்டுவது ஆண் மட்டுமே. 1995-இல் பாளையங்கோட்டை தூய யோவான் கல்லூரியின் ஜே. பாலசிங், ஜான் கொயில்ராஜ், அமெரிக்காவின் தாமஸ் கன்ஸ் மூவரும் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். நெட்டிலிங்கத்திலும் பர்தாக் கொடியிலும் ஓர் ஆண் தனியாளாக இரவிரவாகக் கடித்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் வேலையை முடிக்கிறது. கூந்தற்பனையின் காய்க்குலைக்கு நடுவிலும் இப்படிக் குடைந்து அறை செய்யும். அதற்கு இன்னும் நாள் பிடிக்கும். பனைமரத்தில் தொங்கும் மட்டைகளுக்கு அடியிலும் குடியிருக்கும். வெட்டிய காம்புகளில் எச்சிலைப் பூசுகிறது. வீடு முடிந்த பிறகுதான் பெண்கள் வந்து பார்க்கின்றன. பிடித்தால் தங்கும், இல்லையென்றால் அடுத்த மரம். வீடு இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கிடைக்காத கதை எங்கள் ஊரில் மட்டும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு வீட்டுக்காரரைச் சுற்றிப் பல பெண்கள். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஒவ்வொன்றுக்கும் ஒரே குட்டி. முதல் குட்டி மடியில் இருக்கும்போதே அடுத்தது கருவாகிவிடும். நான் பார்த்த கொத்திலும் ஒன்றின் மார்பில் சின்னதாக ஏதோ அசைந்தது.

“வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குறேன்னு பழமொழி இருக்கே. இங்க அதான் நடக்குது. வாங்க, காப்பி ஆறுது,” என்றார் நண்பர்.

காப்பிக்கு நடுவில் அவர் சொன்ன ஒரு விஷயம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. இந்த வௌவாலுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் மார்ட்டின் வால். நார்வேயில் பிறந்து, லின்னேயஸிடம் படித்து, கோபன்ஹேகனில் இருந்த தாவரவியலாளர். 1797-இல் அவர் விவரித்த உடல் வந்த இடம் தரங்கம்பாடி! அப்போது அது டேனிஷ்காரர்கள் வசம். வால் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மேற்கே பாகிஸ்தானிலிருந்து கிழக்கே இந்தோனேசியா வரை பறக்கும் பிராணிக்கு, அறிவியல் கணக்கில் சொந்த ஊர் காவிரிப் படுகையின் கடற்கரை. ஸ்பிங்ஸ் என்று பெயர் வைத்தார். எகிப்துச் சிலையின் பெயர் தரங்கம்பாடிக் கொல்லைக்குள் எப்படி நுழைந்தது என்பது அவருக்கே வெளிச்சம்.

படுகையின் ஸ்தபதிகளுக்கும் இந்தப் பிராணிமேல் ஒரு கண் இருந்திருக்கிறது. திருவீழிமிழலைக் கோயிலில் நடுவே தூணில்லாமல் வளைத்துக் கட்டிய கூரைக்கு வௌவால் நெத்தி மண்டபம் என்று பெயர். கூடாரத்தைப் பார்த்துவிட்டு யோசித்தால், எந்த வேலைக்காரனைப் பார்த்து எவன் கற்றான் என்று குழம்பிப்போகிறது.

சாயங்காலம் வரை பெரியம்மாவின் குற்றப்பத்திரிகை. கொய்யா பழுக்க விடுவதில்லை. சப்போட்டா மிஞ்சுவதில்லை. நாட்டு வாதுமைக் கொட்டையை ராத்திரி இரண்டு மணிக்குத் தகரத்தில் போட்டு எழுப்புகிறது. “வாடகை குடுக்காத குடித்தனம் தம்பி,” என்றார்.

அவர் திட்டியதில் ஒரு செய்தி இருந்தது. வௌவால் பழமரத்தில் உட்கார்ந்து தின்பதில்லை. ஆந்தை காத்திருக்கும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. பழத்தைக் கவ்விக்கொண்டு வேறு மறைவிடத்துக்குப் பறக்கிறது. தொங்கியபடியே மென்று, நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திச் சாற்றை மட்டும் விழுங்குகிறது. சக்கையைத் துப்புகிறது. பெரிய விதை கீழே விழும். சின்ன விதை வயிற்றுக்குள் போய் அரை மணி நேரத்துக்குள் வெளியே வந்துவிடும், பெரும்பாலும் பறக்கும்போதே. ஆக குடியிருப்பு நெட்டிலிங்கம், சாப்பாட்டுக் கூடம் பெரியம்மாவின் திண்ணை. வேலியோரம் யாரும் நடாத கொய்யாக் கன்றுகளையும் ஓர் அத்திச் செடியையும் எண்ணினேன். அவை வாடகைக் கணக்கில் வருமா என்று கேட்க தைரியம் வரவில்லை.

பழம் மட்டும் போதாது. வாழைப்பூவில் தேன் குடிக்கும், மகரந்தம் முகத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். இலைகளையும் மென்று சாறெடுக்கும். பழத்தில் இல்லாத சத்து அதில். பங்குனி சித்திரையில் இலுப்பைப் பூ. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்போம். நமக்கு ஆலை வந்துவிட்டது. வௌவாலுக்கு இன்னும் இலுப்பைப் பூதான்.

முன்பெல்லாம் அணில் கடித்ததும் வௌவால் கடித்ததும்தான் ருசி என்று பிள்ளைகள் பொறுக்கித் தின்பார்களாம். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்த பிறகு நண்பர் அதை நிறுத்திவிட்டார். நிபாவோடு முக்கியமாகத் தொடர்புபட்டது பெரிய பழந்தின்னி வௌவால்தான் என்றாலும், கடித்த பழத்தைத் தொடாதே என்பதில் தப்பில்லை. பயம் அதோடு நின்றால் சரி. மரத்தையே வெட்டு என்று கிளம்புவதுதான் மோசம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலியோடும் காகத்தோடும் சேர்த்துத் தொல்லைப் பிராணிப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலே போய்விட்டது. தெருவில் யாருக்கும் சேதி தெரியவில்லை.

இத்தனை சாதாரணமான பிராணி என்பதால் இன்னொரு வௌவால் இதன் பெயருக்குள் ஒளிந்துகொண்ட கதையும் உண்டு. 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற எஸ்டேட்காரர் இன்றைய தேனி மாவட்டத்து மேகமலையில் ஒரு வௌவாலைப் பிடித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் அது இந்தத் தரங்கம்பாடிக்காரரின் பெயரிலேயே இருபது ஆண்டுக்கு மேல் கிடந்தது. தாய்லாந்தின் விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா வந்து பல்லை எண்ணிப் பார்த்துவிட்டு, இது உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம் என்றார். 1972-இல் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்கு வைத்தார். கிட்டியே பிறகு தன் நாட்டுக் குகைகளில் இரண்டே கிராம் எடையுள்ள வௌவாலைக் கண்டுபிடித்தார். அதற்குப் பெயர் சூட்டும் முன் 1974-இல் இறந்துபோனார். அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

இருட்டியதும் கூடாரம் காலியாகும், பார்த்துவிட்டுத் தெப்பத்துக்குப் போகலாம் என்று திட்டம். ஆறேமுக்காலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஏழு. ஏழேகால். ஒன்றும் நகரவில்லை. கிழக்கே பௌர்ணமி நிலா வெள்ளித் தாம்பாளம் போல ஏறிக்கொண்டிருந்தது. “நிலா அன்னிக்கு இது சோம்பேறி,” என்றார் நண்பர். வெளிச்சத்தில் இந்த வௌவால் பழமரத்துப் பக்கம் அதிகம் வருவதில்லை என்று மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம். பூச்சிதின்னி வௌவாலைப் போலக் கீச்சொலி எழுப்பி எதிரொலியில் வழி பார்க்கும் வித்தை இதற்கில்லை. கண்ணும் மூக்கும்தான் கருவி. தனக்குத் தெரிகிற வெளிச்சத்தில் ஆந்தைக்கும் தெரியும்.

காத்திருக்க முடியாமல் கிளம்பினோம். ஹரித்ரா நதிக் கரையில் ஊரே கூடியிருந்தது. விளக்குகளோடு தெப்பம் நகர்ந்தபோது நாதஸ்வரம் தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு வந்து காதில் விழுந்தது. எல்லோரும் பெருமாளைப் பார்க்க, நான் விளக்கைச் சுற்றிப் பார்த்தேன். பூச்சிகள் மொய்த்த இடத்தில் கைக்குட்டை அளவு நிழல்கள் வெட்டி வெட்டித் திரும்பின. துரிஞ்சில்கள், பூச்சிதின்னி வௌவால்கள். இவர்களுக்கு வெளிச்சம் விருந்து. பக்கத்தில் இருந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில், சாமி கும்பிட வந்தவனா இவன் என்ற கேள்வி இருந்தது.

காலையில் நாலரை மணிக்கே எழுந்து மறுபடியும் மரத்தடியில் மல்லாந்தேன். நிலா மேற்கே சாய்ந்திருந்தது. ஈரத்துணியை உதறுகிற சத்தம். ஒன்று வந்தது. மரத்தை இரண்டு சுற்று சுற்றி, கீழிருந்து மேலாகக் கூடாரத்துக்குள் பாய்ந்தது. பிறகு இன்னொன்று. இடைவெளி விட்டு இரண்டு சேர்ந்தாற்போல. உள்ளே சின்னச் சண்டை, இடம் மாற்றம், அமைதி. முகத்தில் ஏதோ விழுந்தது. துடைத்துப் பார்த்தால் இலைக்காம்பு. மேலே வீட்டுக்காரர் இன்னும் மராமத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து திண்ணைக்கு வந்தபோது பெரியம்மா பெருக்க ஆரம்பித்திருந்தார். இரவு அங்கேயே மறந்த என் பையின்மேல் இரண்டு சக்கை உருண்டைகள். அவற்றைத் தட்டிவிட்டு நிமிராமலே கேட்டார்.

“எத்தன வந்துச்சு?”

“ஏழுங்கம்மா.”

“குட்டியச் சேத்தா, சேக்காமயா?”