உள்ளிருந்து அரிக்கும் நீர்: ஏ.எஸ்.ராவ் நகர்ப் பட்டறைகளில் சைலன்சர்

ஹைதராபாத்தின் வடகிழக்கிலுள்ள ஏ.எஸ்.ராவ் நகர், 1967-இல் அம்மாநகரில் தொடங்கப்பட்ட இ.சி.ஐ.எல். என்னும் மின்னணு நிறுவனத்தை வளர்த்தெடுத்த அய்யகாரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கிய குடியிருப்பாகும். இ.சி.ஐ.எல். சந்திப்பும் குஷாய்குடாவும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால், இங்குள்ள பைக்குகள் பலவற்றின் அன்றாட ஓட்டம் இரண்டு மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது; சைலன்சர் துருப்பிடிப்பதற்கு மழையைவிட இக்குறுகிய ஓட்டமே பெரிய காரணம் என்பது, பட்டறையில் அறுத்துத் திறக்கப்படும் ஒரு சைலன்சரைப் பார்த்தால் விளங்கும்.

பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், எரியும்போது காற்றின் ஆக்ஸிஜனுடன் கூடி நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், ஆவியாகப் புகையோடு வெளியேறுகிறது என்பது பலர் எளிதில் நம்பாத கணக்கு. எஞ்சினை ஒட்டிய வளைகுழாய் சில நொடிகளிலேயே சுட்டுவிடும். சைலன்சரின் வால்பகுதியோ கடைசியாகத்தான் சூடேறும் என்பதால், பால் வாங்கிவரப் போன வண்டி நிறுத்தப்படும்போது ஆவி அங்கே துளிகளாகப் படிந்து, புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளைக் கரைத்துக்கொண்டு நீர்த்த அமிலமாகத் தேங்குகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 என்னும் வாகனப் புகை விதி, எரிபொருளிலுள்ள கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைத்ததால் கந்தக அமிலம் குறைந்தது, நீர் குறையவில்லை.

தொழிலாளி முதலில் ஸ்பேனரின் பிடியால் சைலன்சரை நெடுகத் தட்டிப்பார்க்கிறார். நல்ல தகடு கணீரென்று ஒலிக்க, உள்ளே அரித்த இடம் பொத்தென்று அடங்கிப்போகிறது. வெளிப்புறக் குரோம் பளபளவென்றிருந்தாலும், கிரைண்டரால் அடிப்பகுதியை அறுத்தவுடன் கரி கலந்த செம்பழுப்பு நீர் ஒழுகி, துருச்செதில்கள் உதிர்கின்றன. பல சைலன்சர்களின் அடியில் நீர் வடிவதற்கென்றே ஆலையில் இட்ட சிறு துளை உண்டு. அதைச் சேறு அடைத்துக்கொள்வது ஒருபுறமிருக்க, புகை கசிகிறது என்று எண்ணி வெல்டிங்கால் மூடிவிடும் அரைகுறைக் கைகளும் உண்டு. துருவை ஓட்டை என்று மட்டுமே பார்க்கும் பழுதுபார்ப்பின் கோளாறு இது. தேர்ந்த கை, செல்லரித்த தகட்டின்மேல் ஒட்டுப்போடாமல், உறுதியான இரும்பு தென்படும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பொருத்திய பிறகு, அடைபட்ட துளையையும் திறந்துவிடுகிறது.

துருப்பிடிக்காத எஃகு என்று விற்கப்படும் சைலன்சருக்கும் முழு விலக்கில்லை. பரவலாகப் பயன்படும் 409 வகை எஃகில் குரோமியம் சுமார் 11 விழுக்காடே என்பதால் மேற்பரப்பில் செந்துரு படரும், ஆனால் சாதாரண இரும்பைப்போல விரைவில் ஓட்டையாகாது. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சைலன்சரோடு இணைந்த வண்டிகளில் முழு அமைப்பையும் மாற்றுவது பெருஞ்செலவு. வெல்டிங் பட்டறைக்கு வேலை குறையாதிருக்க அதுவும் ஒரு காரணம்.

அந்த வேலைக்குரிய விலை வேறு வகையிலும் கொடுக்கப்படுகிறது. குரோம் பூச்சைத் தேய்த்து அகற்றாமல் வெல்டிங் வைத்தால் புற்றுநோய் விளைவிக்கும் ஆறிணைதிறக் குரோமியம் புகையில் கலக்கிறது. துத்தநாகம் பூசிய தகட்டை ஒட்டுக்குப் பயன்படுத்தினால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வருவதுண்டு. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி அணிபவர்களும் மூக்கை வெறும் கைக்குட்டையால் கட்டிக்கொள்வது இத்தொழிலில் வழக்கம். நுண்ணிய உலோகப் புகையைத் துணி தடுப்பதில்லை.