பூக்களுக்கு அப்பால் கடல்

அயர்லாந்தின் அன்ட்ரிம் கரையில் டன்லூஸ் என்றொரு பாழடைந்த கோட்டை உண்டு. அண்ட்ரூ நிக்கல் அதை வரைந்த நீர்வர்ண ஓவியத்தில் முதலில் கண்ணில் படுவது கோட்டையல்ல, காட்டுப் பூக்கள். தரையில் குந்தியிருப்பவர் பார்ப்பதுபோல் சிவப்புப் பொப்பிகளும் புல்லும் பெரிதாக முன்னே நிற்கின்றன. கோட்டையும் கடலும் அவற்றுக்கப்பால் தூரத்தில். கைத்தொலைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தகைய படங்களில் அவர் நிறம் காய்ந்த பின் கத்தி முனையால் சுரண்டி, அடியிலுள்ள தாளின் வெள்ளையையே புல்லாகவும் இதழாகவும் வெளியே கொண்டுவருவார். உயர்தரத்தில் சித்திரம் படிக்கும் நானும் செய்து பார்த்தேன். தடித்த தாள்தான் இதைத் தாங்கும்.

நிக்கல் 1804 இல் பெல்பாஸ்டில் சப்பாத்துத் தைப்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்து, அச்சகத்தில் தொழில் பழகியவர். 1828 இல் அன்ட்ரிம் கரையை 101 காட்சிகளாக வரைந்தார். 1846 இல் கொழும்பு அக்கடமிக்குச் சித்திர ஆசிரியராக வந்தார். இன்றைய றோயல் கல்லூரிதான் அது. அப்போது புதுக்கடைப் பக்கம், சான் செபஸ்தியான் மேட்டில் இருந்தது. எங்கள் ஒருகொடவத்தையிலிருந்து சில கிலோமீற்றர்தான்.

"சித்திரம் படிச்சி என்ன தொழில் செய்யப் போறீங்க, மகள்?" என்று வாப்பா கேட்டபோது இந்தக் கதையைச் சொன்னேன்.

"அவர் வெள்ளைக்காரன். பெரிய மனுசர்ட சிபாரிசு இருந்திருக்கும்" என்றார்.

உண்மைதான். இலங்கையின் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், நிக்கலின் பழைய ஆதரவாளர். 1848 இல் அவரோடு ஐந்து வாரம் காடுகளையும் பாழடைந்த நகரங்களையும் வரையப் போனார் நிக்கல். நமது வரலாற்றுப் பாடத்தில் 1848 என்றால் புதிய வரிகள், மாத்தளைக் கலகம், சுட்டுக் கொல்லப்பட்ட புரன் அப்பு. பூக்களுக்கு முன்னால் குந்தத் தெரிந்த ஓவியர், வரி கட்டிய மனிதர்களுக்கு முன்னால் குந்தினாரா? அரசாங்கச் சம்பளம் வாங்கிய கண்ணுக்கு அது கஷ்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் அந்தக் கத்தி முனையை விட மனமில்லை.

எங்கள் மேல்தட்டிலிருந்து கடல் தெரியாது. துறைமுகக் கிரேன்கள் மங்கலாகத் தெரியும். அவற்றுக்கு முன்னால் கொள்கலன்கள். அவற்றின் அடியில் யாரும் நடாத நாயுண்ணிப் பூக்கள். பூக்களைப் பெரிதாக்கி வரையத் தொடங்கியிருக்கிறேன்.

வாப்பா கொள்கலன் லொறி ஓட்டுபவர். நேற்று படத்தை எட்டிப் பார்த்தார்.

"இது இருபதடிப் பெட்டியா, நாப்பதடியா?"

"நாப்பது."

"அப்ப இன்னும் நீளம் வேணும்" என்று பென்சிலை வாங்கி, அவரே ஒரு கோடு போட்டார்.