முள் நகராத சிலிண்டர்

சலவைக்கூடத்தைத் தாண்டினால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஊழியர்கள் அதை மேனிஃபோல்டு ரூம் என்கிறார்கள். அறுவை அரங்குகளுக்குச் செம்புக் குழாய் வழியே போகும் ஆக்ஸிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. மயக்கம் கொடுப்பது என்றால் மருத்துவரும் ஊசியும்தான் நம் நினைவுக்கு வரும். அந்த மருத்துவருக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் பார்க்க, தென் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றுக்கு மே மாத வெயிலில் போயிருந்தேன்.

சுவரோரம் சங்கிலி போட்டு நிறுத்திய சிலிண்டர்கள். கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் ஆக்ஸிஜன், நீலம் நைட்ரஸ். மூத்த ஊழியர் ஒருவர் புதுச் சிலிண்டரின் வால்வை ஒரு கணம் திறந்து மூடினார். சீறல் சத்தம். “வாயில தூசி இருந்தா போயிரும் சார்” என்றார். ரெகுலேட்டரை மாட்டியபின் கீயை மிக மெதுவாகத் திருகினார். 150 பார் அழுத்தத்தில் இருக்கும் ஆக்ஸிஜன் குறுகிய இடத்துக்குள் ஒரேயடியாகப் பாய்ந்தால், அங்கே இருக்கும் வாயு நெருக்குண்டு, சூடு வெளியேற நேரமில்லாமல் கொதிப்பேறிவிடும். துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலே தீப்பிடிக்கப் போதும். “தலைக்கு எண்ணெய் தேய்ச்ச கையோட உள்ள வராதேன்னு புதுப் பையங்ககிட்ட முதல் நாளே சொல்லிருவேன்.”

ஆக்ஸிஜன் மீட்டரை அவர் முழுதாக நம்புகிறார். முள் பாதிக்கு வந்தால் சரக்கும் பாதிதான். நைட்ரஸ் மீட்டரைக் காட்டியதும் தலையை ஆட்டினார். “இதை நம்பாதீங்க. கடைசி வரைக்கும் நிறைஞ்சிருக்கிற மாதிரியே காட்டும்.”

காரணம் எளிது. ஆக்ஸிஜன் திரவமாக வேண்டுமானால் மைனஸ் 118 டிகிரிக்குக் கீழே குளிர வேண்டும்; சாதாரண அறையில் எத்தனை அழுத்தினாலும் அது வாயுதான். நைட்ரஸுக்கு அந்த எல்லை 36.5 டிகிரி. அதனால் சிலிண்டருக்குள் அது திரவமாகக் கிடக்கிறது, மேலே கொஞ்சம் ஆவி. ஆவியை எடுக்க எடுக்கத் திரவம் ஆவியாகி இடத்தை நிரப்பும். 20 டிகிரியில் அழுத்தம் 51 பார் அளவிலேயே நிற்கும். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் இறங்கும். எனவே இந்த அறையில் நைட்ரஸை நிறுத்துத்தான் பார்க்கிறார்கள். கழுத்தில் பொறித்திருக்கும் காலி எடையைக் கழித்தால் மீதி மருந்து. ஒரு கிலோ என்றால் ஏறக்குறைய 540 லிட்டர் வாயு. வேகமாக ஓடும் சிலிண்டரின் அடிப்பக்கம் சில்லிட்டு வியர்த்திருந்தது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான்: ஆவியாகும் திரவம் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது.

இதில் நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்கிறது. நான் புரட்டிய பாடநூல்கள் 20 டிகிரி அறையை வைத்துப் பேசுகின்றன. இங்கே தகரக் கூரையின் கீழ் 40. சிலிண்டரும் அந்தச் சூட்டை எட்டினால் அதற்குள் திரவம் வேறு, ஆவி வேறு என்பதே இல்லை, அழுத்தமும் எகிறும். அதற்காகத்தான் வெப்ப நாடுகளில் நிரப்பும் விகிதத்தை (சிலிண்டர் கொள்ளும் தண்ணீரின் எடையில் நைட்ரஸின் எடை எத்தனை பங்கு என்பதை) 0.75 இல்லாமல் 0.67 என்று குறைத்து வைத்திருக்கிறார்கள். நம் மாணவர்களுக்கான நூலில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டிய செய்தி இது என்று எனக்குப் படுகிறது. அந்த ஊழியருக்கு விகிதம் தெரியாது. ஆனால் நீலச் சிலிண்டரை வெயில் படும் இடத்தில் இறக்க அவர் விடுவதில்லை.

மாடியில், குளிரூட்டிய அரங்கில், இளம் மயக்கவியல் டெக்னீஷியன் பாய்ல்ஸ் மெஷின் என்னும் மயக்கக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டும் நுகத்தில் இரண்டாம், ஐந்தாம் இடங்களில் முள்; நைட்ரஸுக்கு மூன்றாம், ஐந்தாம் இடங்கள். மாற்றி மாட்ட முயன்றாலும் பொருந்தாது. வாயு ஓட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயில் மிதவை சுழல்கிறதா என்று பார்த்தார். சுழலவில்லை என்றால் அது எங்கோ ஒட்டியிருக்கிறது, அது காட்டும் அளவு செல்லாது. வேப்பரைசரைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். கை இறங்கியது. உள்ளே செவோஃப்ளுரேன் என்ற மயக்க மருந்து, 20 டிகிரியில் அதன் ஆவியழுத்தம் சுமார் 160 மில்லிமீட்டர் பாதரசம். அப்படியே விட்டால் காற்றில் 21 சதவீதம் ஏறிவிடும். நோயாளிக்குத் தேவையோ 2 சதவீதம் அளவு. எனவே வாயுவில் சிறு பங்கை மட்டும் மருந்தின் மேல் ஓடவிட்டு, மீதியோடு கலக்கிறார்கள். ஆவியாகும்போது மருந்து குளிர்ந்து அளவு குறையாதிருக்கத்தான் அத்தனை உலோகம். அதையும் மீறிக் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து பாதையைச் சரிசெய்யும்.

நான் கீழே இறங்கியபோது மதுரைக்கு ஒரு நோயாளியை அனுப்ப ஆம்புலன்ஸ் நின்றது. நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்ஸிஜன் ஓட வேண்டும். மூத்தவர் சிறிய சிலிண்டரின் மீட்டரைப் பார்த்தார்: 90. “கொள்ளளவு பத்து. பத்தை 90-ஆல பெருக்கு, 900 லிட்டர். ஒன்றரை மணி நேரம்தான் வரும். மதுரை ரெண்டு மணி நேரம்” என்று பையனிடம் சொன்னார். முழுதாக நிரம்பிய இன்னொன்றை ஏற்றி, பட்டையை இழுத்துக் கட்டிய பிறகே வண்டியை விட்டார்.