ஆடிட்டர் என்ன, விரோதியா?

"ஒண்ணு கூடவா தம்பி நல்லதா தெரியல உங்களுக்கு, இந்த நாட்டுல?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. சேக்காட்டில் எங்கள் தெருமுனை டீக்கடை. கேட்டவர் சுபேதார் சார். ராணுவத்தில் சுபேதாராக ரிடையர் ஆனவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் சுபேதார் சார்தான். கையில் பத்திரிகை. அதில் என் கட்டுரை. உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில் 2025ல் நம் நாட்டுக்கு 180க்கு 151வது இடம் என்று எழுதியிருந்தேன். எழுதியது அந்த நம்பரும், அதைத் தொடர்ந்து ஒரு பக்கப் புலம்பலும்.

"கார்கில்ல என் கூட இருந்த ரெண்டு பேரு திரும்பி வரல. நீங்க ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகிட்டு 151ன்னு எழுதறீங்க. எந்த நாட்டுல தம்பி இப்படி எழுத விடுவான்?"

பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய்விட்டார். அதன் பிறகு மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் தெருவின் அந்தப் பக்கம் மாறிப் போனார்.

வாசகர் கடிதத்தில் 'தேசத்துரோகி' என்று யாராவது திட்டினால் எனக்குப் பெரிதாக வலிப்பதில்லை. பழகிவிட்டது. ஆனால் இவர் வேறு. என் அப்பா இறந்த இரவு, சொந்தக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்னால் வந்து, விடியும்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

சேக்காடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில், சி.டி.எச். ரோட்டை ஒட்டி. சுற்றிலும் டாங்க் ஃபேக்டரி, ராணுவத்துக்கு உடை தைக்கும் ஃபேக்டரி, விமானப்படை, சி.ஆர்.பி.எஃப். ஆவடி என்கிற பெயரே கவச வாகனக் கிடங்கு என்கிற மாதிரி ஓர் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் என்று இங்கே பல பேர் சத்தியம் செய்வார்கள். டாங்க் ஃபேக்டரி வந்தது 1961ல். அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே, 1955ல், ஆவடி காங்கிரஸ் மாநாடு நடந்துவிட்டது. பெயர் முந்தியா, டாங்க் முந்தியா என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சொல்ல வந்தது வேறு. எங்கள் பக்கத்தில் தேசபக்தி என்பது மேடையில் கேட்கிற வார்த்தை இல்லை. நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் அது சம்பளச் சீட்டு அல்லது பென்ஷன் புத்தகம்.

இனி சுபேதார் சாருக்கு என் பதில். நேரில் சொல்ல முடியாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

சார், நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் 1896ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு பஞ்சாலை வழக்கைத் தவறாமல் சொல்லிக் கொடுப்பார்கள். ஆடிட்டர் என்பவர் வீட்டைக் காவல் காக்கிற நாய், மோப்பம் பிடித்துத் துரத்துகிற வேட்டை நாய் அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நாய் என்று சொன்னதற்காக எந்த ஆடிட்டரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. காவல் நாய் குரைத்தால் வீட்டுக்காரனுக்குத் தூக்கம் கெடும். அதற்காக அதைத் திருடனின் ஆள் என்று யாரும் சொல்வதில்லை.

குரைக்காத நாயால் என்ன ஆகும் என்பதை 2009ல் பார்த்தோம். சத்யம் கம்ப்யூட்டர்ஸ். வருஷா வருஷம் கணக்கில் ஆடிட்டர் கையெழுத்து சுத்தமாக இருந்தது. 2008ல் நல்ல நிர்வாகத்துக்கு விருதுகூட வாங்கினார்கள். 2009 ஜனவரி 7ஆம் தேதி சேர்மன் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், ரொக்கம், பேங்க் இருப்பு என்று கணக்கில் காட்டியதில் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். அந்த கம்பெனிக்கு விசுவாசமானவர்கள் யார்? எல்லாம் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டவர்களா? அல்லது, அப்படி யாராவது இருந்திருந்தால், 'சார், கணக்கு உதைக்குதே' என்று முதல் வருஷமே கேட்டிருக்கக்கூடிய ஓர் ஆளா?

நாட்டுக்கும் ஆடிட்டர் உண்டு. நம் அரசியல் சட்டத்தின் 148ஆவது பிரிவே தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் என்று ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. அரசு செலவு செய்கிற பணத்தில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே, அரசுச் சம்பளத்தில், ஓர் ஆள்! குறை சொல்வது துரோகம் என்று நம் சட்டத்தை எழுதியவர்கள் நினைத்திருந்தால் இந்த ஏற்பாட்டைச் செய்திருப்பார்களா?

சரி, கம்பெனிக் கதை போதும். உங்கள் கதைக்கே வருகிறேன்.

2015 ஜூனில் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் ராணுவத்தினர் உட்கார்ந்தார்கள். ஒரே ரேங்க், ஒரே பென்ஷன் வேண்டும் என்று கேட்டார்கள். சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தப் பார்த்தது. மெடல் குத்திய வயசானவர்கள் தள்ளப்பட்ட படங்களை டி.வி.யில் பார்த்துவிட்டு அன்றைக்கு அதே டீக்கடையில் நீங்கள் கொதித்த கொதிப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. செப்டம்பர் 5ஆம் தேதி அரசு திட்டத்தை அறிவித்தது. அந்தப் பெரியவர்கள் நாட்டை எதிர்த்தார்களா சார்? அரசாங்கத்தைத்தானே எதிர்த்தார்கள்?

இன்னும் பக்கத்தில் வருகிறேன். 2021ல், ஆவடி ஃபேக்டரிகளும் அடங்கிய 41 படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரிக்க அரசு முடிவு செய்தது. தொழிலாளர்கள் ஸ்டிரைக் என்றார்கள். ஜூன் 30ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. பாதுகாப்புத் துறை உற்பத்தியில் ஸ்டிரைக் செய்தால் ஜெயில். நாட்டின் பாதுகாப்பு என்பதுதான் அதற்குச் சொன்ன காரணம். கம்பெனியாக்கியது சரியா தப்பா என்பதில் எனக்கே இரண்டு மனசு உண்டு. ஆனால் வாழ்நாள் பூராவும் ராணுவத்துக்கு டாங்க் செய்து கொடுத்தவன், 'இந்த முடிவு தப்பு' என்று சொன்ன அன்றைக்கே நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தாகிவிடுவானா? அப்படியானால் நம் தெருவில் பாதிப் பேர் ஆபத்தானவர்கள்.

எந்த நாட்டில் விடுவான் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒப்பிட்டே பார்த்துவிடலாம்.

1962ல் அண்ணா ராஜ்யசபாவில் தன் முதல் பேச்சிலேயே திராவிட நாடு கேட்டார். தனி நாடு! டெல்லியில், பாராளுமன்றத்துக்குள் நின்று கேட்டார். உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்கள். மறுத்துப் பேசினார்கள். அதே வருஷம் சீனா படையெடுத்தபோது அண்ணா கோரிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு அரசோடு நின்றார். 1963ல் பிரிவினை பேசுகிறவர்கள் தேர்தலில் நிற்க முடியாதபடி அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். கட்சியும் அந்தக் கொள்கையை விட்டது. ஐந்தே வருஷம், தனி நாடு கேட்டவர் 1967ல் முதலமைச்சர். அதே அரசியல் சட்டத்தின் மேல் பிரமாணம் எடுத்துக்கொண்டு!

கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையிலும் 1983ல் தனி நாடு பேசக் கூடாது என்று ஆறாவது திருத்தம் கொண்டுவந்தார்கள். ஜூலைக் கலவரத்தின் ரத்தம் காய்வதற்கு முன்னால். தமிழ் எம்.பி.க்கள் அந்தப் பிரமாணத்தை எடுக்க மறுத்தார்கள், பதவி போயிற்று. பேச வேண்டியவர்கள் பாராளுமன்றத்தை விட்டு வெளியே நின்றார்கள். அந்த ஒரு திருத்தத்தால்தான் 2009 வரை யுத்தம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். அத்தனை சுலபமான சரித்திரம் அல்ல அது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்த நாட்டில் என்ன நடந்தது, கதவைச் சாத்திய நாட்டில் என்ன நடந்தது என்பது கண்ணெதிரே இருக்கிறது. விமர்சனத்தைக் கேட்டுக்கொண்டதால் இந்தியா உடையவில்லை. கேட்டுக்கொண்டதால்தான் நின்றது என்பது என் கட்சி.

இது நம் கணக்கில் வரவு. அடுத்தது பற்று.

1908ல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். ராஜத்துரோகக் குற்றச்சாட்டு, 124ஏ பிரிவு. கோவை ஜெயிலில் செக்கிழுத்தார். வெள்ளைக்காரன் போனான், செக்கு மியூசியத்துக்குப் போயிற்று, 124ஏ மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. வன்முறையைத் தூண்டினால்தான் இது குற்றம், வெறும் விமர்சனம் குற்றம் ஆகாது என்று 1962லேயே சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லிவிட்டது. இருந்தும் 2011, 2012ல் கூடங்குளம் அணு உலையை எதிர்த்த இடிந்தகரை மக்கள் ஆயிரக்கணக்கானவர்கள் மீது அதே பிரிவு பாய்ந்தது. மீன் பிடிக்கிறவர்கள், பீடி சுற்றுகிற பெண்கள். 2015ல் மதுக்கடைகளை எதிர்த்துப் பாடியதற்காக கோவன் மேல் பாய்ந்தது. பாட்டுக்கு ராஜத்துரோகம்!

சட்டத்தைக் கொண்டுவந்த இங்கிலாந்து தன் ஊரில் 2009லேயே இந்தக் குற்றத்தை ஒழித்துவிட்டது. நம் சுப்ரீம் கோர்ட் 2022 மே மாதம் 124ஏயை நிறுத்திவைத்தது. அப்பாடா என்று மூச்சு விட்டால், 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய குற்றச் சட்டத்தில் 152 என்று ஒரு பிரிவு. ராஜத்துரோகம் என்கிற பெயர் இல்லை. நாட்டின் இறையாண்மை, ஒற்றுமைக்கு ஆபத்து உண்டாக்குதல் என்கிறது. ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம். அரசை விமர்சிப்பது இதில் வராது என்று விளக்கம் போட்டிருக்கிறார்கள். பழைய சட்டத்திலும் அப்படி ஒரு விளக்கம் இருந்தது. இடிந்தகரைக்காரர்களுக்கு அது எவ்வளவு உதவியது என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பக்கத்து நாடுகளை விட நாம் தேவலாம் என்கிறீர்கள். பல விஷயங்களில் தேவலாம்தான் சார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்து வீட்டுப் பையன் ஃபெயில் என்பதற்காக, 40 மார்க் வாங்கிய நம் பையனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுப்போமா? அமெரிக்காவில் சொந்தக் கொடியை எரித்தாலும் அது பேச்சுரிமை என்று 1989ல் அவர்கள் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நம் ஊரில் அதற்கு மூன்று வருஷம்வரை ஜெயில். கொடியை எரிக்க எனக்கு ஆசை இல்லை. எரிக்கிற கூட்டத்தைப் பார்த்தால் எனக்கும் வயிறு எரியும். சொல்ல வருவது, ஒவ்வொரு நாடும் கோட்டை ஒவ்வோர் இடத்தில் போடுகிறது என்பதுதான். மேலே பார்த்தால் ஏக்கம், கீழே பார்த்தால் திருப்தி. இரண்டும் நமக்கு வழி காட்டாது. 1950ல் நமக்கு நாமே ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்ட வாக்குறுதி இருக்கிறது, ஒப்பிட வேண்டியது அதோடுதான். அந்த வருஷமே, கம்யூனிஸ்ட் சார்புப் பத்திரிகையான 'கிராஸ் ரோட்ஸ்' உள்ளே வரக் கூடாது என்று சென்னை ராஜ்ய அரசு போட்ட தடையை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்தது. குடியரசுக்கு அப்போது வயசு நாலு மாசம். அந்தக் குழந்தைக்கு இருந்த தைரியம் எழுபது வயசைத் தாண்டிய பிறகு குறையலாமா?

இத்தனையும் எழுதிவிட்டு, பேனாவை வைப்பதற்கு முன்னால் என் பழைய கட்டுரையை எடுத்து இன்னொரு தடவை படித்தேன். சுபேதார் சார் சொன்னதில் ஒரு விஷயம் சரி என்று பட்டது.

ஆடிட்டர் குறையை மட்டும் எழுதுகிறவர் அல்ல. 'உண்மையான, நியாயமான தோற்றம்' என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். சொத்தையும் எழுத வேண்டும், கடனையும் எழுத வேண்டும். நான் 151 என்று கடனை மட்டும் எழுதினேன். அந்த 151ஐ ஒரு தமிழ்ப் பத்திரிகையில் அச்சடித்து, டீக்கடையில் தொங்கவிட்டு, ஒரு முன்னாள் ராணுவ வீரர் அதைப் படித்துவிட்டு என்னை முகத்துக்கு நேரே கேள்வி கேட்க முடிந்த நாடு இது என்பதை எழுதவில்லை. அது பெரிய சொத்து. அதை விட்டது என் தப்பு. இன்னொன்றும் உண்டு. பிடிக்காத கட்சி ஆளும்போது ஒரு தராசு, பிடித்த கட்சி ஆளும்போது வேறு தராசு வைத்திருக்கிற விமர்சகனை யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

போன வாரம் சாயங்காலம் கேட் சத்தம். சுபேதார் சார். கையில் ஃபுல்ஸ்கேப் பேப்பர். எங்கள் தெருவில் மழைத் தண்ணீர் வடிவதில்லை. இரண்டு வருஷமாக மனு கொடுத்தும் நடக்கவில்லை. இந்தத் தடவை அவரே எழுதியிருந்தார். "கொஞ்சம் தமிழ் மட்டும் பார்த்துக் கொடுங்க தம்பி" என்றார். படித்தேன். யாரையும் விட்டுவைக்கவில்லை. என் கட்டுரையெல்லாம் அதற்கு முன்னால் தாலாட்டு.

"என்ன சார், அரசாங்கத்தை இந்தக் கிழி கிழிச்சிருக்கீங்க?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்: "பின்னே? என் தெரு தம்பி இது."

இரண்டு ஒற்றுப்பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை.