மழையில் ஒரு 'இன்பிளான்ட் ட்ரெயினிங்'!

ஊட்டி, கொடைக்கானல், பாண்டிச்சேரி... டூர் என்றாலே உங்களுக்கு இந்த மூன்றும்தானே ஞாபகத்துக்கு வரும்? நான் சொல்லப்போகும் ரூட்டைக் கேட்டால் 'போடா டேய்' என்பீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பி வல்லம், ஒரகடம் வழியாக சிங்கப்பெருமாள் கோவில். மொத்தமே 25 கிலோமீட்டர் சொச்சம். அருவி கிடையாது, போட்டிங் கிடையாது. ரெண்டு பக்கமும் கம்பெனி காம்பவுண்டு சுவர்தான். ஆனால், ஐப்பசி மழை கொட்டுகிற ஒரு நாளில் போய்ப் பாருங்க பாஸ்!

நானும் ஆசைப்பட்டுப் போகவில்லை. மூணாவது வருஷம் மெக்கானிக்கல். இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்காக ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லெட்டர் கொடுக்க வேண்டும். ஹெச்.ஓ.டி. கையெழுத்துப் போட்ட லெட்டரை மூணு பிளாஸ்டிக் கவருக்குள் சுற்றி, சட்டைக்குள் செருகிக்கொண்டு, ரூம்மேட்டின் பழைய பைக்கில் கிளம்பினேன். (பெட்ரோல் நம்ம செலவு!)

ஸ்ரீபெரும்புதூரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ராமானுஜர் 1017-ல் பிறந்த ஊர். 1991 மே 21-ம் தேதி ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர். ஹைவே ஓரம் அவருடைய நினைவிடத்தில் ஏழு தூண்கள் மழையில் நனைந்துகொண்டு நிற்கின்றன.

எனக்கு இந்த ஊர் என்றால் ஞாபகம் வருவது அப்பாவின் பழைய போன்தான். 2006-ல் நோக்கியா இங்கே உற்பத்தியைத் தொடங்கியபோது நான் தவழ்ந்துகொண்டிருந்தேன். உங்கள் வீட்டின் முதல் செல்போன்கூட இந்த ஊரில் செய்ததாக இருக்கலாம். 2014 நவம்பரில் உற்பத்தி நின்றுவிட்டது. எட்டே வருஷம்! நீங்களும் நானும் ரெண்டு தடவை பி.இ. படிக்கிற நேரம். பிறகு சால்காம்ப் என்கிற சார்ஜர் கம்பெனி அந்த வளாகத்தை வாங்கியது தனிக்கதை.

ஊரைத் தாண்டியதும் மழை வலுத்தது. வெயில் நாளில் இந்தப் பக்கம் வந்தால் இது ஏரி மாவட்டம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டீர்கள். மழை வந்தால்தான் எது பள்ளம், எது கரை, எது வாய்க்கால் என்று தெரிகிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகும். 2015 டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் அஞ்சாங்கிளாஸ். ஸ்கூல் லீவு என்று குதித்ததுதான் நினைவிருக்கிறது. வெட்கமாகத்தான் இருக்கிறது.

வல்லம் வடகாலில் ஒரு மகளிர் விடுதி இருக்கிறது. சிப்காட் கட்டியது. 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பேர் தங்குவதற்கு! ஐபோன் அசெம்பிள் செய்கிற ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களுக்காக 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். எங்கள் ஹாஸ்டலில் நானூறு பேர். அதற்கே மழை வந்தால் ஜட்டி காயப்போட இடம் கிடையாது. 18,720 பேரின் ஈரத்துணியை எங்கே காயவைப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே போனதில்... தண்ணீரைக் கவனிக்கவில்லை.

வல்லக்கோட்டை முருகன் கோவில் திருப்பத்தைத் தாண்டி, ஒரு காம்பவுண்டு சுவர் ஓரமாக முழங்கால் ஆழம். பைக் ரெண்டு முறை இருமியது. படுத்துவிட்டது.

தள்ளிக்கொண்டு போய் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். "அது ஏரி வாய்க்கா தம்பி. செவுரு கட்டிட்டாங்க. தண்ணி எங்க போவும்? ரோட்டுக்குத்தான் வரும்" என்றார் கடைக்கார அம்மா. கிக்கரை நாற்பது தடவை உதைத்தேன். ம்ஹூம்!

பெஞ்சில் யூனிஃபார்ம் போட்ட ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும். "பிளக்ல தண்ணி பூந்திருக்கும் ப்ரோ. கழட்டிப் பாத்தீங்களா?" என்றான். நான் ஐ.சி. இன்ஜின் பேப்பரில் 78 மார்க். ஸ்பார்க் பிளக்கைப் படம் வரைந்து பாகங்களைக் குறிப்பேன். கழற்றியதில்லை. அவன் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தான். பிளக்கைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, ஊதி, கேப்பையும் உதறி மாட்டினான். மூணாவது உதையில் ஸ்டார்ட்!

திருவண்ணாமலை பக்கம் ஊராம். டிப்ளமோ மெக்கானிக்கல். மூணரை மணி ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டிய கம்பெனி பஸ், மழையில் வரவே இல்லை. ஒருநாள் லேட் என்றால்கூட அந்த மாத அட்டெண்டன்ஸ் போனஸ் காலி. "ஏறுங்க ப்ரோ" என்றேன். ரெயின்கோட்டை ரெண்டு பேரும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போனோம்.

"நீங்க பி.இ.யா?" என்றான் பின்னாலிருந்து. "எங்க லைன்ல மூணு பி.இ. இருக்காங்க. அவங்களுக்கும் எங்களுக்கும் ஒரே சம்பளம்தான்." நக்கலாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சாதாரணமாகத்தான் சொன்னான். தை மாசத்தோடு அவன் கான்ட்ராக்ட் முடிகிறதாம். "அப்புறம்?" என்றேன். "வேற கேட்டு."

ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் நூறு பைக்காவது ஒதுங்கியிருக்கும். ரெனோ-நிசான் ஆலை 2010, டெய்ம்லர் 2012, ராயல் என்ஃபீல்டு 2013... வைவாவுக்கு மனப்பாடம் செய்தது எல்லாம் வரிசையாக இங்கேதான் நிற்கிறது. பக்கத்தில் ஒரு பண்ருட்டியும் இருக்கிறது. பலாப்பழம் கேட்காதீர்கள், அது வேற ஊர்! வடக்குப்பட்டு என்கிற கிராமத்தில் 2022-ல் தொல்லியல் துறை தோண்டியதில் கற்காலக் கருவிகள் கிடைத்தன. 'கையில் ஸ்பேனர்' பரம்பரை இங்கே ரொம்பப் பழசு போல.

மூணு இருபத்தாறுக்கு அவன் கேட்டில் இறங்கி ஓடினான். கார்டைத் தேய்த்துவிட்டு, திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பேர் கேட்க மறந்துவிட்டேன்.

என் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் லெட்டரை வாங்கவே இல்லை. "மழைன்னு ஹெச்.ஆர். மேடம் வரல. நாளைக்கு வாப்பா." நனைந்தது நனைந்தாயிற்று என்று சிங்கப்பெருமாள் கோவில் வரை ஓட்டிப்போய், பல்லவர் காலத்துக் குடைவரையில் நரசிம்மரைப் பார்த்துவிட்டு, வெளியே சூடாக ரெண்டு மசால்வடை தின்றேன். டூர் என்றால் சாப்பாடு இல்லாமல் எப்படி?

நாளைக்கு மறுபடியும் அதே ரூட். இந்தத் தடவை லெட்டர் சீட்டுக்கு அடியில், ஸ்பேனர் சட்டைக்குள்!