பள்ளியின் பெயர்

ஜனவரி 4, 2025, சனி

குழந்தைகளுக்கான ஒரு பயிலரங்கில் மூத்தவளைச் சேர்க்கப் போய், சேர்க்காமலே திரும்பினோம். நகரத்தின் நடுவில் இருக்கும் பெரிய இடம். விண்ணப்பத்தில் நான்காவது வரி பள்ளியின் பெயர். ஐந்தாவது வரி தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும். "வீட்லயே படிக்கிறா சார்" என்றேன். எதிரில் இருந்தவர் கோபப்படவில்லை. படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்து, "ஸ்கூல் பேர் இல்லாம எடுத்துக்க முடியாதுங்க மேடம்" என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் திருவான்மியூர் வரை வாயே திறக்கவில்லை. பிறகு கேட்டாள்: "நம்ம ஊர் பேரு, பாலவாக்கம்னு எழுதியிருக்கலாம்லம்மா?"

அந்தக் கேள்வி ராத்திரி வரை என்னை விடவில்லை. மூத்தவளுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு எட்டு. மூன்று வருடங்களாக வீட்டில்தான் படிக்கிறார்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. ஆனால் வீட்டில் கற்பிக்க விரும்பும் பெற்றோருக்கு அந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று 2012இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் மத்திய அரசே சொல்லியிருக்கிறது. சட்டம் மறிக்கவில்லை. படிவம்தான் மறிக்கிறது.

ஜனவரி 8, புதன்

எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, சனி ஞாயிறு கூட்டம். வார நாளின் காலைதான் எங்களுக்கு வாய்த்த செல்வம். கூடம் முழுக்க எங்கள் செருப்புச் சத்தம் மட்டும்.

போன தடவை ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று செப்புத் திருமேனி, திமிங்கில எலும்பு, நாணயம் என்று ஓடினேன். வீடு வந்ததும் சின்னவனுக்குக் கால்வலி மட்டுமே நினைவிருந்தது. அதனால் இன்று கற்கருவிகள் மட்டும் என்று முடிவு. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்த மண்ணில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்று உலகம் அறிந்தது அதற்குப் பிறகுதான். அவர் ஆயுள் முழுவதும் சேர்த்தவை 1904இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்தன. அவர் கற்கருவி கண்டெடுத்த இன்னோர் ஊர் அத்திரம்பாக்கம். அங்கே கிடைத்த கருவிகளில் சில 15 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று சாந்தி பப்புவின் குழு 2011இல் காட்டியது.

"பல்லாவரமா? நம்ம துரைப்பாக்கத்துலேர்ந்து ரேடியல் ரோட்ல போவோமே, அந்தப் பல்லாவரமா?" என்றான் சின்னவன். அந்தப் பல்லாவரம்தான். ஒரு கோடரியின் எதிரில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வரைந்தான். எந்தப் பக்கம் கையில் பிடிப்பது, எந்தப் பக்கம் வெட்டுவது என்று அவனுக்குள்ளேயே வாதாடிக்கொண்டிருந்தான். காவலர் அம்மா ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "ட்ராயிங் நல்லா இருக்குதுடா கண்ணு" என்றார். யாரும் எந்தப் பள்ளி என்று கேட்கவில்லை.

ஜனவரி 11, சனி

நந்தனம் புத்தகக் காட்சி, நாளையோடு முடிகிறது. தூசியும் வெயிலும். 'துளிர்' பழைய இதழ்கள் ஒரு கட்டு வாங்கினோம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் குழந்தைகளுக்காக நடத்திவரும் இதழ் அது. அங்கே நின்றிருந்த ஒரு தோழர் மூத்தவளிடம் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பற்றிச் சொன்னார். 1993இல் தொடங்கியது. பத்து முதல் பதினேழு வயது வரை யார் வேண்டுமானாலும் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆராய்ந்து எழுதலாம். பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கும் அதில் இடம் உண்டு. "உங்க ஊர்ல என்ன பிரச்சினைம்மா?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றாள்.

ஜனவரி 18, சனி

பொழுது சாய்ந்ததும் மொட்டை மாடி. மேற்கே வெள்ளியும் சனியும் பக்கத்தில் பக்கத்தில். உச்சியில் வியாழன், கிழக்கே சிவந்த செவ்வாய். பணம் கட்டிப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி இல்லை என்பதால் குடியிருப்பில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் அண்ணன் மகன், கீழ்வீட்டு மாமியின் பேத்திகள், துணி தேய்ப்பவர் வீட்டுப் பெண். மாமி தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, "சனி பகவானை இத்தனை வருஷமா சுத்தறேன், நேர்ல இன்னிக்குத்தான்டி பாக்கறேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வீட்டுக்கல்விக் குழுவில் தினமும் வந்து குவியும் அழைப்புகளை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். ரோபோட்டிக்ஸ், மேடைப் பேச்சு, அபாகஸ், மண்பாண்டம், குறும்படம். சில மிக நல்லவை. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் குயவர் சக்கரத்தில் கை வைத்த நாளை மூத்தவள் இன்னும் சொல்கிறாள். ஆனால் இரண்டு பிள்ளைகளுக்குக் கட்டணம், ஆட்டோ, சாப்பாடு என்று கூட்டினால் மாதக் கடைசியில் மூச்சு முட்டுகிறது. அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் புது முகங்கள், புது ஆசிரியர், இரண்டு மணி நேரம், ஒரு சான்றிதழ், டாட்டா. குழந்தை எதற்கும் இரண்டாம் முறை திரும்பிப் போவதில்லை. திரும்பிப் போகாத இடத்தில் கேள்வி முளைக்காது என்பது நான் கண்டது.

ஜனவரி 21, செவ்வாய்

காலை ஆறரை. பாலவாக்கம் கடற்கரையில் செத்த ஆமை. பங்குனி ஆமை. கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தது. நூறடி தள்ளி இன்னொன்று. சின்னவன் என் புடவையைப் பிடித்துக்கொண்டான்.

வலை சரிசெய்துகொண்டிருந்த குப்பத்துப் பெரியவர் எழுந்து வந்தார். "நேத்து நைட்டு ஒதுங்கிச்சும்மா. இந்த வருசம் ரொம்ப ஜாஸ்தி." மூத்தவள் கேட்டாள்: "தண்ணிலயே இருக்கற ஆமை தண்ணில எப்படி தாத்தா சாகும்?" பெரியவர் மணலில் குந்தினார். "அது மீன் மாரி இல்ல பாப்பா. மேல வந்து மூச்சு வுடணும். பெரிய போட்டு இழுவ வலைல மாட்டிக்கினா மேல வர முடியாது. மூச்சு முட்டிப் பூடும்." கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு வலை போடக் கூடாது என்பது சட்டம். வலையில் ஆமை வெளியேற ஒரு வழி வைக்கவும் ஏற்பாடு உண்டு. இரண்டையும் அவர் தன் பேச்சிலேயே சொன்னார். சின்னப் படகுக்காரர்களான தங்கள் மேல் பழி விழக் கூடாது என்ற தவிப்பும் அதில் இருந்தது.

இந்த ஒரு மாதத்தில் மட்டும் தமிழகக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிவிட்டதாகச் செய்திகள். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்திருக்கிறது. மூத்தவள் இன்று கணக்கு நோட்டைத் தொடவில்லை. நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 1, சனி

விடிந்துதான் வீடு வந்தோம், எழுதிவிட்டுத் தூங்கப் போகிறேன். நேற்றிரவு ஆமை நடை. மாணவர்கள் சேர்ந்து 1988இல் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு இன்றும் தன்னார்வலர்களால் நடக்கிறது. பருவத்தில் வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துப்போகிறார்கள். நீலாங்கரையில் கிளம்பினால் பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர் வழியாக பெசன்ட் நகர் வரை மணலில் ஏழு கிலோமீட்டர். டார்ச் அடிக்கக் கூடாது.

எங்கள் தெருமுனைக்கு நேராகவே தடம் தென்பட்டது. டிராக்டர் சக்கரம் போன மாதிரி, கடலிலிருந்து ஏறி, வளைந்து, மறுபடி கடலுக்கு. கல்லூரி படிக்கும் ஒரு பையன் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்து, மணல் இளகும் இடத்தைக் கண்டு கையால் தோண்டினான். பானை வடிவக் குழிக்குள் பிங்பாங் பந்து போல முட்டைகள், நூறுக்கும் மேல். துணிப்பையில் எண்ணி எண்ணி வைத்தார்கள். பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே வடிவில் குழி பறித்துப் புதைப்பார்கள். 45 முதல் 60 நாளில் பொரியும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண் என்று அந்தப் பையன் சொன்னபோது மூத்தவள் என் கையை இறுக்கினாள்.

ஏன் இருந்த இடத்திலேயே விட்டுவைக்கவில்லை என்று கேட்டாள். நாய், நரி, மனிதர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெளிச்சம். பொரிந்த குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஓடும். ஒரு காலத்தில் கடல்தான் வெளிச்சம். இப்போது ஈ.சி.ஆர். பக்கம் வீட்டு விளக்கும் தெரு விளக்கும் கடலை மிஞ்சிவிட்டன. குஞ்சுகள் சாலைக்கு வந்து நசுங்கும்.

திரும்பும் வழியில் சொன்னாள்: "அம்மா, புக் ஃபேர்ல அந்த அங்கிள் கேட்டாரே, எங்க ஊர்ல என்ன பிரச்சினைன்னு. லைட்டு."

பிப்ரவரி 12, புதன்

அடையாறு பிரம்மஞான சபை, ஆலமரம். தாய்த் தண்டு 1989 புயலில் விழுந்துவிட்டது, விழுதுகள்தான் மரமாக நிற்கின்றன. 1939இல் மரியா மாண்டிசோரி இங்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர் மூண்டதால் நாடு திரும்ப முடியாமல் ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே இருந்தார். கொடைக்கானலில் குழந்தைகளோடு இலையும் பூச்சியும் பார்த்து நடந்த நாட்கள் அவருடைய பிற்காலச் சிந்தனையை மாற்றின. பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லவில்லை. விழுது எண்ணினார்கள்.

பிப்ரவரி 22, சனி

விளக்குக் கணக்கெடுப்பு. தனியாகச் செய்ய மூத்தவளுக்கு மனமில்லை. குப்பத்துப் பெரியவரின் பேரனும் பேத்தியும் அரசுப் பள்ளியில் ஏழாவதும் ஆறாவதும். நான்கரைக்கெல்லாம் ஓடிவந்தார்கள். இருட்டிய பிறகு கரையோரம் நடந்து, கடல் பக்கம் எரியும் விளக்கு ஒவ்வொன்றையும் குறித்தார்கள். யாருடையது, எந்த நிறம், மேலே மூடி உண்டா, எத்தனை மணிக்கு அணைக்கிறார்கள். அந்தப் பேரனுக்கு ஒவ்வொரு வீட்டின் காவலாளியையும் தெரிந்திருந்தது. காற்றின் பெயரைச் சொல்லித் திசை சொன்னான், வாடை என்றும் கொண்டல் என்றும். என் மகள் அதையெல்லாம் புத்தகத்தில் படித்தவள். அவன் முகத்தில் பட்டு அறிந்தவன். அவள் அவனுக்கு அட்டவணை போடச் சொல்லிக்கொடுத்தாள். நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியது.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குச் 'சமூகம்' கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு மூன்று வருடமாக என்னென்னவோ பதில் சொல்லியிருக்கிறேன். உண்மையான பதில், நானாக அமைத்துத் தராவிட்டால் கிடைக்காது என்பதுதான். எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் மட்டும் கூடும் கூட்டங்களை அமைத்துத் தந்துகொண்டிருந்தேன். இருநூறு அடி தள்ளி இருக்கும் குப்பத்துக்கு மூன்று வருடம் போகவில்லை. அது என் பிழை.

மார்ச் 5, புதன்

அத்தை ஊரிலிருந்து போன். "பத்தாவதுக்கு என்னம்மா பண்ணுவே?" தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது அத்தை, 1989இலிருந்து, பதினான்கு வயதானால் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம், வருடத்துக்கு இரண்டு தடவை வைக்கிறார்கள் என்றேன். "எழுதட்டும், ஆனா நீ அவ கூட உக்காரணும்" என்றார். உட்காருவேன்.

மார்ச் 29, சனி

பெசன்ட் நகர் பொரிப்பகம். வெயில் தாழ்ந்ததும் கூடையிலிருந்து குஞ்சுகளை மணலில் விட்டார்கள். உள்ளங்கையில் பாதிகூட இல்லை. அலை முதல் தடவை பின்னால் தள்ளியது, மறுபடி ஓடின. நான்கு பிள்ளைகளும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் மூச்சுப் பிடித்து நின்றார்கள். கடைசிக் குஞ்சு போனதும் பெரியவரின் பேத்தி கை காட்டினாள்.

கணக்கெடுப்புக்குப் பிறகு மூன்று வீட்டார் கடல் பக்க விளக்கைப் பத்து மணிக்கு அணைக்க ஒப்புக்கொண்டார்கள். மற்ற வீடுகளுக்கு அடுத்த வாரம் போகிறார்கள்.

குழந்தைகளுக்கு நிகழ்ச்சி நடத்தும் அருங்காட்சியகங்களும் பூங்காக்களும் நூலகங்களும் ஒன்று செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் பள்ளியின் பெயர் என்ற இடத்தில், 'இல்லாவிட்டால் ஊர்ப் பெயர் எழுதவும்' என்று ஒரு வரி அச்சிடுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும், வறுமையால் இடையில் நின்றுபோன பிள்ளைக்கும் அந்த ஒரு வரி போதும்.

அடுத்த சனிக்கிழமை மாலை ஆறரைக்கு பாலவாக்கம் கடற்கரையில் விளக்கு எண்ண நாங்கள் இருப்போம். பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளோடு வாருங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவந்தால் போதும்.